ஒழுகாத வண்டி

நாற்காலியைத் துண்டால் துடைத்துவிட்டு உட்கார்ந்ததைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சார். உங்கள் ஸ்டேஷன் சுத்தமாகத்தான் இருக்கிறது. எங்கே போனாலும் எனக்கு அது பழக்கம். கல்யாண வீட்டிலும் அப்படித்தான், கோயில் மண்டபத்திலும் அப்படித்தான். டீ வேண்டாம். வெளியில் நான் எதுவும் குடிப்பதில்லை. பாட்டிலில் வீட்டுத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறேன்.

என் பெயர் ஆதிமூலம். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கிறேன். போன ஆடி மாதம் என் மச்சினன் சகாதேவன் கார் கவிழ்ந்து செத்தான். கேஸ் உங்களிடம்தான் இருக்கிறது. கூனிமேட்டு மெக்கானிக் கவுஸ் பாய் ஸ்டீயரிங் வேலையை அரைகுறையாகச் செய்ததால் வந்த விபத்து என்று அதில் எழுதியிருக்கிறது. பாய் மேல் தவறில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

வண்டி பழைய பியட். பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் வைத்திருந்தது. வெள்ளை. வாங்கிய நாளிலிருந்து அதை இன்னொருவர் கழுவ நான் விட்டதில்லை. எங்கள் பக்கத்துக் காற்று தகரத்தைத் தின்றுவிடும். தினமும் நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும், கதவு இடுக்கில் எண்ணெய் தடவ வேண்டும். அளத்திலிருந்து திரும்பும்போது செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் வண்டியில் ஏறுவேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. உப்புத் தொழிலே அதுதான் சார். பாத்தியில் கொஞ்சம் சேறு கலந்துவிட்டால் வியாபாரி ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிட்டுப் போய்விடுவான். வெள்ளையாக இருக்கிற ஒன்றை வெள்ளையாகவே வைத்திருப்பது லேசான காரியமில்லை.

சகாதேவன் என் மனைவி சரஸ்வதிக்குத் தம்பி. கிளியனூர்ப் பக்கம் அவர்கள் ஊர். பெற்றவர்கள் போனபிறகு எங்களோடு வந்துவிட்டான். எங்களுக்குப் பிள்ளை கிடையாது, அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அளத்தில் ஆட்களைப் பார்த்துக்கொள்வான், வண்டி ஓட்டுவான். தங்கமான பையன் என்று ஊரில் சொல்வார்கள். இல்லையென்று நானும் சொல்லவில்லை. ஆனால் ஒரே வீட்டில் அவனோடு இருந்தவன் நான். சாப்பிட்ட கையை வேட்டியில் துடைப்பான். பேசும்போது எதிரில் நிற்பவர் தோளில் கை போடுவான். அந்தக் கை அதற்கு முன்னால் எதைத் தொட்டது என்று அவனுக்கே தெரியாது. உப்பு வாருகிற பெண்கள் தூக்கில் கொண்டுவரும் பழைய சோற்றில், அவர்கள் பிசைந்துகொண்டிருக்கும்போதே கையை விட்டு ஒரு உருண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். கருவாட்டைக் கடித்துக்கொண்டே வண்டி ஓட்டுவான். மறுநாள் நான் ஓட்டும்போது ஸ்டீயரிங் கையோடு ஒட்டிக்கொண்டு வரும்.

அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். துணியை எடுத்துத் துடைத்தேன், அவ்வளவுதான்.

பிறகு சுனாமியில் கடல் உள்ளே வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சகாதேவன் என் வண்டியில்தான் குப்பத்து ஜனங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனான். உயிர் இருந்தவர்கள், இல்லாதவர்கள், எல்லோரையும் ஒருவர்மேல் ஒருவராக. பொழுது சாயும்வரை போய்ப் போய் வந்தான். சாலையில் தண்ணீர் நின்ற இடத்திலும் வண்டியை நிறுத்தவில்லை. கடைசியாக வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டபோது பின் ஸீட் கறுத்து ஊறிப்போயிருந்தது. கடல் சேறு, வாந்தி, மூத்திரம், எல்லாம் கலந்து தரையில் விரல் உயரத்துக்கு நின்றது. ஸீட்டைப் பெயர்த்து வெளியே போட்டுக் கழுவினேன். எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் பழுப்பாகவே வந்தது. ஸீட் இடுக்கில் மணலும் முடியும் சுருண்டு கிடந்தன. குச்சியால் நோண்டி எடுத்தேன். பினாயில் ஊற்றினேன். உறையை மாற்றினேன். ஆனால் ஸ்பஞ்சுக்குள் இறங்கியது இறங்கியதுதான். வெயில் ஏறினால் வண்டிக்குள் ஒரு வாடை எழும்பும். துர்நாற்றம் என்றுகூட சொல்ல முடியாது. தித்திப்பாக இருக்கும். அதுதான் குமட்டும்.

சரஸ்வதியைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன்.

"ஒண்ணும் இல்லீங்க. பினாயில் வாசனைதான் அடிக்குது. உங்க மனசுலதான் இருக்குது" என்றாள்.

சகாதேவன் அந்த ஸீட்டிலேயே கதவைத் திறந்து போட்டுக்கொண்டு மத்தியானத்தில் தூங்கினான். வாய் திறந்திருக்கும். கடைவாயிலிருந்து எச்சில் இறங்கிப் புது உறையை நனைக்கும்.

கோடையில் ஸ்டீயரிங் பாக்ஸ் ஒழுக ஆரம்பித்தது. நீங்கள் வண்டி வைத்திருப்பீர்கள், தெரிந்திருக்கும். ஸ்டீயரிங் தண்டின் அடியில் ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் பல்சக்கரம், அது தேயாமலிருக்க ஆயில். பெட்டிக்குக் கீழே ஒரு இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கும். நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அந்தக் கைதான் சக்கரங்களை இழுத்துத் திருப்புகிறது. ஆயில் அந்தக் கை சேருகிற இடத்தில் கசிந்தது. வாசலில் நான் போட்டிருந்த வெள்ளை டைல்ஸில் காலையில் பார்த்தால் ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பேன். மறுநாள் அதே இடத்தில் இன்னொன்று. தட்டு வைத்தேன். தட்டில் ஈ விழுந்து மிதந்தது.

"பழைய வண்டின்னா ஒழுவத்தான் மாமா செய்யும். மேல மேல ஊத்திக்கினே இருந்தா போச்சு" என்றான் சகாதேவன்.

ஒருநாள் அவன் வண்டியைக் கொண்டுபோய் அளத்தில் உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில், ஏறக்குறைய அதன் மேலேயே, நிறுத்தியிருந்தான். நான் போய்ப் பார்த்தபோது அம்பாரத்தின் அடியில் கறுப்பாக ஊறிப் பரவியிருந்தது. வெள்ளைத் துணியில் புண் நீர் பரவின மாதிரி. பக்கத்தில் அஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். எங்கள் அளத்தில் உப்பு வாருகிறவள். காலில் உப்புப் புண் ஆறாமல் குழி விழுந்திருந்தது. அந்தக் காலை என் வண்டியின் படியில் நீட்டி வைத்திருந்தாள். சகாதேவன் கீழே குந்தி அவளுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தான்.

"சகாதேவா, உப்பப் பாருடா" என்றேன்.

அவன் எழுந்து வந்து, புண்ணைத் தொட்ட அந்தக் கைகளாலேயே கறுத்த உப்பை அள்ளி வாய்க்காலில் வீசினான். "ஒரு கூடை உப்பு போனா இன்னா மாமா. கடல் இருக்குது, வெயில் இருக்குது" என்று சிரித்தான்.

அஞ்சம்மாளும் சிரித்தாள். அந்த அம்பாரம் முழுவதையும் நான் அப்புறம் ஆள் வைத்துக் கொட்டச் சொல்லிவிட்டேன். அவன் எந்தெந்த இடத்தில் கை வைத்தான் என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் வண்டியைக் கவுஸ் பாயிடம் கொண்டுபோனது. நானும் கூடப் போனேன். ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேலை முடியும்வரை உட்கார்ந்து பார்த்தேன். பாய் வண்டிக்கு அடியில் போய் அந்த இரும்புக் கையின் நட்டைக் கழற்றி, புல்லர் போட்டு இழுத்து, கையைத் தனியாக எடுத்தார். பிறகு பெட்டியிலிருந்து ஆயிலை இறக்கினார். கறுப்பாக வரும் என்று நினைத்தேன். சாம்பல் நிறத்தில், நெஞ்சுச் சளி மாதிரி, நூல் இழுத்துக்கொண்டு தட்டில் விழுந்தது. பாய் அதை விரலில் தொட்டு மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். நான் ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

"உப்புத் தண்ணி உள்ள போயிருக்குது மொதலாளி. அன்னிக்கு தம்பி வண்டியத் தண்ணியிலயே ஓட்டிருக்காரு இல்ல, அதான். சீலு கல்லாட்டம் ஆயிடுச்சு" என்று ஒரு வளையத்தை எடுத்துக் காட்டினார். செத்த அட்டை மாதிரி இருந்தது.

பெட்டியைக் கழுவி, புது ஆயில் சீல் அடித்து, புது ஆயில் ஊற்றினார். இரும்புக் கையைத் திரும்ப மாட்டி, நட்டைப் போட்டு, நீளமான ஸ்பேனரால் முக்கி முறுக்கினார். பிறகு நட்டுக்கு அடியிலிருந்த வாஷரின் ஓரத்தை உளி வைத்துத் தட்டி நட்டின்மேல் மடித்துவிட்டார்.

"அது எதுக்கு பாய்?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"நட்டு தன்னால கழலாம இருக்க மொதலாளி. ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இந்த ஒரு நட்டுதான் உறவு. மடிக்காம உட்டா உடனே ஒண்ணும் ஆவாது. பல்லு பிடிச்சிக்கினு நாலு நாள் ஓடும். அப்பறம் ஒரு குலுக்கல்ல உட்டுடும். நீங்க ஒரு பக்கம் சுத்துவீங்க, வண்டி ஒரு பக்கம் போவும்."

"பாத்து பண்ணுங்க பாய். நான்தான் ஓட்டறவன்" என்றான் சகாதேவன்.

"உன்ன நம்பி எத்தினி பேரு ஏர்றாங்க, உனக்குப் பாக்காம வேற யாருக்குப் பாக்கப் போறேன்" என்றார் பாய்.

நல்ல வேலை. நான் சாட்சி. அன்றிலிருந்து ஒரு சொட்டு ஒழுகவில்லை. காலையில் எழுந்து போய்ப் பார்த்தால் டைல்ஸ் பளிச்சென்று இருக்கும். சில நாள் சந்தோஷமாக இருந்தேன். பிறகு கவனித்தேன், வாடை போகவில்லை. ஆயிலோடு போய்விடும் என்று ஏனோ நினைத்திருந்தேன். அவன் வீட்டுக்குள் வந்தாலே அந்தத் தித்திப்பு வாடை அடித்தது. அவன் குடித்த டம்ளரில் அடித்தது. சரஸ்வதி அவனுக்குச் சோறு போட்டுவிட்டு என் தட்டை எடுத்தால் அதிலும் அடித்தது.

ஆனி மாதக் கடைசியில் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். கடல் வந்த அன்றைக்கு உதவினவர்களுக்குப் பாராட்டு. சகாதேவனை மைக்கில் பேசச் சொன்னார்கள். நான் கடைசி வரிசையில் கைக்குட்டையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாரும் என்னப் பத்தியே பேசறீங்க. வண்டி என்னுது இல்லீங்க, எங்க மாமாவுது. அன்னிக்கு அவருதான் சாவிய என் கையில குடுத்து, வண்டி போனா போவுதுடா, ஜனத்தப் பாருன்னு சொன்னாரு. மால போடணும்னா அவருக்குப் போடுங்க."

என்னை மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சால்வை போட்டார்கள். குப்பத்துப் பெண்கள் வரிசையாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எல்லாக் கையும் ஈரமாக இருந்தது. கண்ணீரா வியர்வையா மீன் தண்ணீரா, தெரியாது. நான் சிரித்துக்கொண்டே நின்றேன். வீட்டுக்கு வந்து தோல் சிவக்கிற வரைக்கும் தேய்த்துக் குளித்தேன்.

நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவேயில்லை, சார். அவன் சாவியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனான். சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன்.

"ஏண்டா பொய் சொன்ன?"

"பொய்யி எங்க மாமா. வண்டி உங்களுதுதான?" என்றான். சரஸ்வதி சமையல்கட்டில் இருந்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அன்னிக்கு பயந்துட்டீங்க. அவ்ளோதான். யாருக்குன்னாலும் வரும். நான் அதெல்லாம் அன்னிக்கே மறந்துட்டேன்."

சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்துத் தட்டினான். சாம்பார் கை. சட்டையில் விரல் விரலாகப் பதிந்தது. அந்தச் சட்டையை நான் எரித்துவிட்டேன்.

வண்டியை விற்றிருக்கலாமே, அவனை ஊருக்கு அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நானும் அதையெல்லாம் யோசித்தேன். ஆனால் எங்கே அனுப்பினாலும் அவன் என்னைப் பற்றி நல்லதாகத்தான் பேசிக்கொண்டிருப்பான். அதற்கு முடிவே கிடையாது.

இரண்டொரு நாள் கழித்து, மத்தியானம். சரஸ்வதி மாவு அரைக்க மில்லுக்குப் போயிருந்தாள். சகாதேவன் அளத்தில் இருந்தான். நான் வண்டியின் முன்சக்கரத்தை வாசல் படியில் ஏற்றி நிறுத்தி, அடியில் பேப்பர் விரித்து, பழைய லுங்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். அளத்து ஆயில் இன்ஜினுக்கு வைத்திருக்கிற ஸ்பேனர் பெட்டி வீட்டில்தான் இருந்தது. பாய் மடித்துவிட்டிருந்த வாஷரை உளியால் நிமிர்த்தினேன். நட்டைத் தளர்த்தி, வாஷரை எடுத்துவிட்டு, நட்டை விழாத அளவுக்கு நுனி மரையில் விட்டேன். இரும்புக் கை அசையவில்லை. பாய் சொன்ன மாதிரியே பல் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. முகத்துக்கு நேரே புது ஆயில் சீல் காய்ந்து சுத்தமாக இருந்தது. என் கையெல்லாம் கிரீஸ். மண்ணெண்ணெய், சோப்பு, எலுமிச்சம்பழம், எல்லாம் போட்டுக் கழுவினேன். நகக் கண்ணில் மட்டும் ரொம்ப நாள் இருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வேறு எதுவும் கஷ்டமாக இல்லை.

ஆமாம், நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

அஞ்சம்மாள் வண்டியில் இருப்பாள் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். வாரத்தில் ஒருநாள் சகாதேவன் அவளைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கட்டுக் கட்ட அழைத்துப் போவான். வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நாள் வரைக்கும் வண்டியை நான் எடுக்கவில்லை. அவன் அளத்துக்கும் வீட்டுக்கும் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒன்றும் ஆகவில்லை. பாய் சொன்ன கணக்கு தப்போ என்றுகூட நினைத்தேன். அன்றைக்குக் காலையில் சரஸ்வதி புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நானும் பாண்டிக்குப் போயிட்டு வர்றேங்க. தம்பிக்குப் பொண்ணு பாக்கப் போவணும் இல்ல, ஒரு நல்ல சட்டத் துணி எடுக்கணும்."

"அந்தப் புண்ணு நாத்தத்துல நீ போவ வேணாம். உனக்குத் தலவலி வந்துடும். நாளைக்கு பஸ்ஸுல போலாம்" என்றேன்.

"அக்காவ நான் முன்னாடி ஸீட்டுல உக்கார வெச்சிக்கிறேன் மாமா" என்றான் சகாதேவன்.

"வேணாம்னு சொல்றேன் இல்ல" என்றேன். அவள் போகவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். என் மனைவியை நான் காப்பாற்றினேன்.

அளத்துக்கு நடுவில் மேட்டுச் சாலை வளைகிற இடம் உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் பாத்தி, ஒரு பக்கம் ஆழமான உப்புத் தண்ணீர் வாய்க்கால். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பார்த்தார்களாம். சகாதேவன் ஸ்டீயரிங்கைச் சுற்றிக்கொண்டே இருந்தானாம், வண்டி அதுபாட்டுக்கு நேராக வந்து வாய்க்காலில் தலைகுப்புற இறங்கியதாம். ஓடிவந்து தூக்குவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. பின்னால் இருந்தவளுக்கும்தான். நான் போனபோது இரண்டு பேரையும் கரையில் போட்டிருந்தார்கள். வெயிலில் தண்ணீர் வற்றி அவன் முகமெல்லாம், புருவமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எச்சில் இல்லை, வியர்வை இல்லை. அவனை முதல்முறையாகச் சுத்தமாகப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றேன். பார்த்தவர்கள் நான் துக்கத்தில் நிற்பதாகச் சொன்னார்கள்.

சரஸ்வதி அவன்மேல் விழுந்து புரண்டாள். புடவையெல்லாம் சேறு. வீட்டுக்குள் வருமுன் குளித்துவிட்டு வரச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். துக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

பிறகு உங்கள் ஆட்கள் வந்தார்கள். வண்டியைத் தூக்கிப் பார்த்து, இரும்புக் கை கழன்றிருக்கிறது, நட்டு இல்லை, வாஷரும் இல்லை என்றார்கள். கவுஸ் பாயைக் கூப்பிட்டு, வாஷர் போட்டாயா என்று கேட்டார்கள். அவர் போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் பார்த்தேன் என்று நானே சொல்லும்படி ஆகியிருக்கும். அந்த மனுஷன் கையை விரித்து இரண்டு உள்ளங்கையையும் பார்த்துக்கொண்டார். "போட்ட மாதிரிதான் இருக்குது சார். ஆனா இல்லியே. மறந்துட்டேன் போல" என்றார். அவராகவே ஒப்புக்கொண்டார். நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

அதோடு முடிந்திருக்க வேண்டும். பாய்தான் முடிய விடவில்லை. கடையை மூடிவிட்டார். கையில் ஸ்பேனர் நிற்கவில்லையாம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். வாசலில் நின்று, "மாஃப் பண்ணிடுங்க மொதலாளி. புள்ளயக் கொன்னுட்டேன்" என்று அழுவார். அழுதுகொண்டே என் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வார். கிரீஸ் ஏறிக் கறுத்து வெடித்த கை. மூக்கும் கண்ணும் ஒழுகி என் மணிக்கட்டில் விழும். சூடாக இருக்கும். விடவே மாட்டார். நான் மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார்.

சரஸ்வதி அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கிறாள். சகாதேவன் குடித்த டம்ளரிலேயே டீ கொடுக்கிறாள். "அழுவாதீங்க பாய். கை தவறிப் போச்சு, வேணும்னா பண்ணீங்க?" என்கிறாள். அவர் உட்கார்ந்து எழுந்த இடத்தில் அந்த வாடை அடிக்கிறது சார். அதே தித்திப்பு. தினமும் கழுவுகிறேன். போகவில்லை. மழை வந்து போய், பொங்கலும் போய்விட்டது. பாய் வருவது நிற்கவில்லை. உண்மையைச் சொன்னால் நிறுத்துவார் என்று தோன்றியது. ஒரு நிரபராதி தவிக்கிறார் என்ற இரக்கம்தான் என்னை இங்கே கொண்டுவந்தது என்று நீங்கள் எழுதினாலும் நான் மறுக்க மாட்டேன்.

வேறு என்ன கேட்டீர்கள். சாவியை ஏன் பிடுங்கினான் என்றா.

அது இந்தக் கேஸுக்குத் தேவையில்லாதது. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். அன்று காலையில் நான் வண்டியை எடுத்துக்கொண்டு அளத்தைப் பார்க்கப் போனேன். குப்பத்துச் சாலை முனையில் ஜனம் ஓடிவந்தது. ஏன் ஓடுகிறார்கள் என்று பார்க்க வண்டியை நிறுத்தினேன். ஒரு பொம்பளை கூட்டத்திலிருந்து என் பக்கமாக வந்தாள். துணியெல்லாம் கிழிந்து, தலையெல்லாம் சேறு. இடுப்பில் ஒரு பிள்ளை. அதன் மூக்கிலும் வாயிலும் கறுப்புச் சேறு வழிந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பிள்ளையை உள்ளே நீட்டினாள். "ஐயா, வாங்கிக்கோய்யா, ஆஸ்பத்திரிக்கு" என்றாள். நான் கண்ணாடியை ஏற்றினேன். அவள் கையை எடுக்கவில்லை, நானும் நிறுத்தவில்லை. கடைசியில் அவளே எடுத்துவிட்டாள். பிறகு பிள்ளையைக் கண்ணாடியின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு தட்டினாள். பிள்ளையின் கன்னம் கண்ணாடியில் அப்பியிருந்தது. கண் திறந்திருந்தது. அப்போது உயிர் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. வாயிலிருந்து வந்தது கண்ணாடியில் மெதுவாக இறங்கியது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சகாதேவன் எங்கிருந்தோ ஓடிவந்து அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து, சாவியைப் பிடுங்கி, "எறங்குங்க மாமா" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு அவன் அக்காவிடமும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் எங்களைக் கவனிக்கிற நிலையில் ஒருவரும் இல்லை. அந்தப் பொம்பளையும் பிழைக்கவில்லை என்று கேள்வி. அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

நான் பயப்படவில்லை சார். அவன்தான் பயம் பயம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அருவருப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் எழுதினதை ஒருமுறை படித்துக்காட்டுங்கள். நட்டைக் கழற்றியது நான் என்று இருக்கட்டும். இரண்டு உயிர் என்று இருக்கட்டும், தெரிந்தேதான் செய்தேன் என்று இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் கண்ணாடி ஏற்றின விஷயத்தை மட்டும் அடித்துவிடுங்கள். ஊரில் எனக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது.